சாலைத் தெருவுக்கு எந்த இன்ஸ்பெக்டர்?

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் என் மாமாவுக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. கீழே சர்க்கரை, பருப்பு, மல்லி மூட்டைகள். மேலே மச்சில் காலிச் சாக்கும் அட்டைப்பெட்டியும். மச்சுக்கு ஏற மரப்படி. அதில் ஏழாவது படி கிடையாது. எப்போதோ உளுத்து விழுந்ததை யாரும் மாற்றவில்லை. புதிதாக வேலைக்கு வரும் பையனிடம் “ஆறு கழிஞ்சா எட்டு” என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்தக் கிட்டங்கியின் பாதுகாப்புப் பயிற்சி அவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் கரண்ட் போன நேரம் பார்த்து, தலையில் கட்டோடு ஏறிய ஒருவர் எண்ணத் தவறினார். கணுக்கால் முறிந்தது. மாமா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார், ஒரு மாதக் கூலியும் கொடுத்தார். நல்ல மனிதர்தான். படியை மட்டும் மாற்றவில்லை.

அந்தப் படியை வந்து பார்த்து, “இதைச் சரிசெய்யும்வரை யாரும் ஏறக் கூடாது” என்று எழுதிக்கொடுக்கும் அதிகாரமுள்ள அரசு ஊழியர் யார்? அவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள், என்ன சம்பளம் கொடுக்கிறார்கள்? இந்தக் கட்டுரைக்கு இந்த இரண்டு கேள்விகள் போதும்.

சாலைக்கு அதிகாரிகள் வராமலில்லை. திவான் ராஜா கேசவதாசன் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமைத்த தெரு இது. கிழக்கேகோட்டையில் தொடங்கிக் கிள்ளிப்பாலம் நோக்கி நீளும். நாகர்கோவில், திருநெல்வேலிப் பக்கத்து வியாபாரிகள் தலைமுறைகளாக இங்கே கடை வைத்திருக்கிறார்கள். எடையளவுத் துறை வரும், உணவுப் பாதுகாப்புத் துறை வரும், ஜிஎஸ்டி ஆட்கள் வருவார்கள், மாநகராட்சி ஹெல்த் இன்ஸ்பெக்டர் வருவார். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைத்தாக வேண்டும். தராசில் மூட்டையை ஏற்றும் ஆளுக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை.

தொழிலாளர் சார்பில் வருபவர் அசிஸ்டென்ட் லேபர் ஆபீசர், கடைக்காரர் வாயில் “ஏஎல்ஓ”. 1960ஆம் ஆண்டின் கேரளக் கடைகள் மற்றும் வணிக நிறுவனங்கள் சட்டப்படி அவர் பார்ப்பது பதிவு, வேலை நேரம், வார விடுமுறை, சம்பளப் பதிவேடு. அவர் பொறியாளர் அல்லர். அவருடைய தேர்வுக்குப் பொறியியல் படிப்பு தேவையும் இல்லை. மச்சின் உத்தரம் எத்தனை மூட்டை தாங்கும் என்று அவரைக் கேட்பது நியாயமில்லை. அந்தக் கணக்குத் தெரிந்தவர் தொழிற்சாலை ஆய்வாளர். அவர் இங்கே வர மாட்டார். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரம் பயன்படுத்தி 10 பேரோ, மின்சாரமில்லாமல் 20 பேரோ உற்பத்தி வேலை செய்யும் இடம்தான் 2025 வரை தொழிற்சாலை. மூட்டை அடுக்கி வைப்பது உற்பத்தி ஆகாது.

இந்தப் பிரிவினைக்கு ஓர் ஆதி உண்டு. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1947இல் நிறைவேற்றிய 81ஆம் உடன்படிக்கை, தொழிலாளர் ஆய்வாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று வரையறுத்தது. வேலை நிரந்தரமாக இருக்க வேண்டும். ஆட்சி மாறினாலும் வெளியிலிருந்து யார் நெருக்கினாலும் அவர் ஆடக் கூடாது. தகுதி பார்த்து மட்டுமே எடுக்க வேண்டும். போக்குவரத்து வசதியும் பயணப்படியும் தர வேண்டும். முன்னறிவிப்பில்லாமல் பகலோ இரவோ எந்நேரமும் உள்ளே நுழைய அவருக்கு உரிமை வேண்டும். 1949 ஏப்ரல் 7 அன்று இந்தியா இதை ஏற்றது. ஏற்கும்போதே ஒரு பகுதியை விலக்கியும் வைத்தது. உடன்படிக்கையின் முதல் பகுதி தொழிற்கூடங்களுக்கானது, இரண்டாம் பகுதி வணிகத் தலங்களுக்கானது. இந்தியா விலக்கியது இரண்டாவதை. அதாவது, சாலை போன்ற தெருக்களை. அன்று நாடு இருந்த நிலையில் அது விவேகம்தான் என்று வாதிடலாம். முக்கால் நூற்றாண்டு கழித்தும் அந்த வாதம் நிற்குமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

ஆய்வாளர் சம்பளத்தின் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. அதில் மலையாளக் கரைக்கும் ஒரு பங்கு இருப்பதைப் பலர் அறியமாட்டார்கள். 1833ஆம் ஆண்டின் ஆலைச் சட்டம் உலகிலேயே முதன்முறையாகச் சம்பளம் வாங்கும் அரசு ஆலை ஆய்வாளர்களை நியமித்தது. மொத்தம் 4 பேர். அவர்கள் பார்க்க வேண்டியவை சுமார் 3,000 ஆலைகள். நால்வரில் ஒருவரான ராபர்ட் ரிக்கார்ட்ஸ், அதற்கு முன் கிழக்கிந்தியக் கம்பெனியின் மலபார் கலெக்டராக இருந்தவர். இன்னொருவர் லெனார்ட் ஹார்னர். கார்ல் மார்க்ஸ் தமது ‘மூலதன’த்தில் மனமாரப் பாராட்டிய அரசு ஊழியர் உண்டென்றால் அவர்தான்.

இவர்களுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு சம்பளம். அக்காலத்தில் அது பெரிய மனிதர் சம்பளம். ஆலை முதலாளி வீட்டு விருந்துக்கு நன்றிக்கடன் படாமல், அவருக்குச் சமமாக நின்று பேச ஆள் வேண்டும் என்பதால் வைத்த தொகை. ஆனால் தினமும் ஆலை ஆலையாக நடந்த கீழ்நிலைக் கண்காணிப்பாளருக்கு 250 பவுண்டுதான். அவருக்கு ஆலைக்குள் நுழையச் சட்ட உரிமைகூட முதலில் இல்லை. முதலாளி விட்டால்தான் உள்ளே போகலாம். 1844இல்தான் அது மாறியது. சம்பளமும் அதிகாரமும் மேலே, நடை கீழே. கேட்டுப் பழகிய கதையாக இருக்கிறதல்லவா?

இந்தியாவில் 1881இல் முதல் ஆலைச் சட்டம் வந்தபோது ஆய்வாளர் என்று ஒரு தொழிலே நம்மிடம் இல்லை. மறு ஆண்டு பம்பாய்க்கு மீட் கிங் என்ற ஆய்வாளரை இங்கிலாந்திலிருந்து இரவல் வாங்கி அறிக்கை எழுதச் சொன்னார்கள். 1948ஆம் ஆண்டின் சட்டத்திலும் ஒரு பழைய வாசனை ஒட்டியிருந்தது: மாவட்ட மாஜிஸ்திரேட் ஒவ்வொருவரும் தம் மாவட்டத்துக்குத் தொழிற்சாலை ஆய்வாளரும் ஆனார். ஆக, கலெக்டரே வந்து கொதிகலன் அறையைப் பார்த்திருக்கலாம். பார்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஆள் எடுப்பிலும் வசதியிலும் கஞ்சத்தனம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குப் போபாலை விடப் பெரிய சாட்சி வேண்டாம். 1984 டிசம்பரில் விஷவாயு கசிந்தபோது மத்தியப் பிரதேசத்தில் 8,000க்கு மேற்பட்ட ஆலைகளுக்கு இருந்த ஆய்வாளர்கள் 15 பேர். போபால் அலுவலகத்தில் இருவர். இருவருமே மெக்கானிக்கல் பொறியாளர்கள். ரசாயன ஆபத்து அவர்கள் படித்த பாடமில்லை. சில அலுவலகங்களில் டைப்ரைட்டரும் டெலிபோனும் கிடையாது, ஆய்வுக்குப் போக பஸ்ஸும் ரயிலும்தான் என்று நியூயார்க் டைம்ஸ் 1985 ஜனவரியில் விரிவாக எழுதியது. வகுத்துப் பாருங்கள். 1833இல் ஒருவருக்கு 750 ஆலை, 1984இல் ஒருவருக்கு 530 சொச்சம். ஒன்றரை நூற்றாண்டில் நாம் நடந்த தூரம் அவ்வளவுதான்.

அந்த ஆய்வாளர்கள் லஞ்சம் வாங்கினார்களா என்பதல்ல இங்கே கேள்வி. அவர்கள் ஒழுக்க சீலர்களாகவே இருந்திருந்தாலும், அந்த விஷவாயு கசிந்த மெத்தில் ஐசோசயனேட் தொட்டியின் முன் நின்று எதைக் கேட்பது என்று தெரிந்திருக்காது. யாரை எடுக்கிறோம் என்பது எவ்வளவு கொடுக்கிறோம் என்பதற்கு முன்னால் வருகிற கேள்வி. போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் அபாயகரத் தொழில்களுக்குத் தனி அத்தியாயம் சேர்ந்தது. கேரளத் தொழிற்சாலைகள் மற்றும் கொதிகலன்கள் துறையில் இன்று கெமிக்கல் இன்ஸ்பெக்டர் என்றே ஒரு பதவி உண்டு.

அந்தத் துறையின் தலைமையகம் குமாரபுரத்தில் இருக்கிறது. பெயர் சுரக்ஷா பவன். ஆய்வாளர் இரண்டாம் நிலைக்குப் பொறியியல் பட்டமும் தொழிற்சாலை அனுபவமும் கேட்பார்கள். ஆள் எடுப்பது பட்டம் என்ற இடத்தில் இருக்கும் பி.எஸ்.சி., அதாவது அரசுப் பணியாளர் தேர்வாணையம். கேரளத்துக்காரர்களுக்கு பி.எஸ்.சி. எழுதுவது ஒரு வாழ்க்கைப் பருவம். அறிவிப்பு, தேர்வு, நேர்காணல், ரேங்க் லிஸ்ட், பிறகு அட்வைஸ் மெமோ என்ற நியமனப் பரிந்துரைக்காகக் காத்திருப்பது. லிஸ்ட் பொதுவாக மூன்று ஆண்டுக்கு மேல் உயிர்வாழாது. அதற்குள் காலியிடம் அறிவிக்கப்படாவிட்டால் உங்கள் ரேங்க் காகிதம்தான். 2021 பிப்ரவரியில் தலைமைச் செயலகத்தின் முன்னால் ரேங்க் ஹோல்டர்கள் முட்டிபோட்டுப் போராடியதை நகரமே பார்த்தது. பெரிய லிஸ்ட்டுக்கு அப்படிக் கூட்டம் சேரும். தொழிற்சாலை ஆய்வாளர் லிஸ்ட் சின்னது. அது காலாவதியானால் தெருவில் நிற்கக்கூட ஆள் சேராது.

சம்பளத்துக்கு வருகிறேன். அரசு ஆய்வாளருக்குக் கிள்ளிக் கொடுக்கிறார்கள், அதனால்தான் கவர் வாங்குகிறார்கள் என்பது கடைத்தெருவின் நம்பிக்கை. எண்கள் வேறு சொல்கின்றன. கேரளத்தின் 11ஆம் ஊதியத் திருத்தத்தில் கடைநிலைத் தொடக்கம் 23,000 ரூபாய். உதவிப் பொறியாளர் தொடங்குவது 55,200இல். தமிழ்நாட்டில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். டி.என்.பி.எஸ்.சி.யின் ஒருங்கிணைந்த பொறியியல் பணித் தேர்வில் உதவிப் பொறியாளர் 37,700 ரூபாயில் தொடங்குகிறார். அதே தேர்வில் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார உதவி இயக்குநர் 56,100இல் தொடங்குகிறார். பழைய தொழிற்சாலை ஆய்வுத் துறைப் பதவிக்குத்தான் இப்போது இந்த நீளப் பெயர். ஒரே தேர்வறை, இரண்டு சம்பளம். அந்த அளவுக்காவது தமிழ்நாடு இந்த வேலைக்கு மதிப்பு வைத்திருக்கிறது.

ஆகவே அடிப்படைச் சம்பளத்தைக் குறை சொல்லி ஒதுங்க முடியாது. ஓட்டை மற்ற இடங்களில் இருக்கிறது. மின் வாரியத்தில் இடம் கிடைத்த பொறியாளர் அங்கேதான் போவார். ஊதியம் கூடுதல், பதவி உயர்வும் சீக்கிரம். நகரத்தின் சந்திப்புகளில் எல்லாம் நெபோஷ் என்ற தொழிற்பாதுகாப்புச் சான்றிதழ் வகுப்புக்கு பிளக்ஸ் பலகை. படித்து முடித்தவர் வளைகுடாவில் சேஃப்டி ஆபீசர். தொழிற்சாலைகளைப் பாதுகாக்கத் தெரிந்தவர்களைக் கேரளம் தாராளமாக உருவாக்குகிறது. துபாயும் தோஹாவும் அவர்களை எடுத்துக்கொள்கின்றன. சிறிய துறை என்பதால் மேலே ஏறப் படிகளும் குறைவு. ஒரே நாற்காலியில் பத்து வருடம் உட்காரும் மனிதரிடம் உற்சாகம் கேட்பது கொஞ்சம் அதிகம்.

சம்பளம் யார் கையிலிருந்து வருகிறது என்பது இன்னொன்று. 1987ஆம் ஆண்டுத் திருத்தம் ‘தகுதிபெற்ற நபர்’ என்பவர் யார் என்று வரையறுத்தது. லிஃப்ட், அழுத்தக் கலன், பாரந்தூக்கி ஆகியவற்றைச் சோதித்துச் சான்று தருபவர் அரசு அங்கீகரித்த தனியார் பொறியாளராக இருக்கலாம். அவருக்குக் கட்டணம் கொடுப்பது ஆலைக்காரர். திறமையில் அவர்கள் குறைந்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடமும் தன்னையே கூப்பிட வேண்டுமே என்று நினைக்காத மனிதர் அபூர்வம். 1833இல் 1,000 பவுண்டு கொடுத்தது அந்த நினைப்பை ஒழிக்கத்தான். பிரிட்டனின் சுகாதாரப் பாதுகாப்பு நிர்வாகம் 2012இல் வேறொரு வழி கண்டது: குற்றம் கண்டுபிடிக்கப்பட்டவரிடம் மட்டும், ஆய்வுக்கான நேரத்துக்கு மணிக்கணக்கில் கட்டணம். சரியாக நடத்துபவர் ஒரு பைசா தர வேண்டாம். முதலாளி தலையில் செலவு வைப்பதென்றால் வைக்க வேண்டிய முறை அது.

‘இன்ஸ்பெக்டர் ராஜ்’ என்ற வசைச்சொல்லையும் தாண்டிப் போக முடியாது. அது பொய்யில்லை. என் சிறுவயதில் எந்தத் துறையின் ஜீப் ஆரியசாலை முக்கில் திரும்பினாலும் தெரு முழுக்கச் செய்தி பறக்கும். பதிவேடு வெளியே வரும், வடையும் சாயாவும் வரும், சில சமயம் கவரும் வரும். 2014இல் மத்திய அரசும், 2022இல் கே-சிஸ் என்ற மையப்படுத்திய ஆய்வு முறை மூலம் கேரளமும் இதற்குக் கண்ட மருந்து, கணினி. எந்த இடத்தை யார் ஆய்வது என்று அதுவே முடிவு செய்யும். ஒரே அதிகாரி ஒரே இடத்துக்குத் தொடர்ந்து வர முடியாது. இது நல்லது. ஆனால் கே-சிஸ்ஸில் உரிமையாளருக்கு முன்கூட்டியே குறுஞ்செய்தியும் போகிறது. இது 81ஆம் உடன்படிக்கையின் உயிர்நாடியையே அறுக்கிற வேலை. அந்தக் காலத்தில் ஜீப் திரும்பிய பிறகாவது ஓட வேண்டியிருந்தது. இப்போது நிதானமாகக் குளித்துவிட்டு வந்து தயாராகலாம்.

2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களும் நடைமுறைக்கு வந்தன. அவற்றில் ஒன்றான தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்பு, ஆய்வாளரின் பெயரையே ‘ஆய்வாளரும் வசதியாளரும்’ என்று மாற்றிவிட்டது. தொழிற்சாலைக்கான வரம்பு 10, 20 என்பதிலிருந்து 20, 40 என்று உயர்ந்தது. கீழேயுள்ள சின்னப் பட்டறைகள் தொழிற்சாலை என்ற பெயரை இழக்கின்றன. கேரள அரசு இதை எதிர்த்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் கடைத்தெருக்காரனாக நான் ஒன்றைக் கவனிக்கிறேன். இந்தத் தொகுப்பில் ‘நிறுவனம்’ என்ற சொல் வணிகத்தையும் உள்ளடக்குகிறது, 10 தொழிலாளர் இருந்தால் போதும். 1949இல் வெளியே தள்ளிய தெருவில் ஒரு பகுதியாவது, பெரிய ஜவுளிக்கடைகளாவது, பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. பழைய சட்டத்தைக் காப்போம் என்று மட்டும் சொல்பவர்கள் இதற்கும் ஒரு பதில் வைத்திருக்க வேண்டும். நான்கைந்து பேர் வேலை செய்யும் சாலைக் கடைகளுக்கோ பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

கேரளம் கடைத்தொழிலாளரை மறந்துவிட்டது என்று சொன்னால் அநியாயம். நாள் முழுக்க நின்றே துணி விற்ற பெண்கள், கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய பெண்கூட்டு இயக்கத்தின் தலைமையில் போராடினார்கள். அதன் பயனாக 2018இல் உட்காரும் உரிமை சட்டமானது. தமிழ்நாடு 2021இல் அதைப் பின்பற்றியது. சுமட்டுத் தொழிலாளர் தூக்கும் எடைக்கு இருந்த 75 கிலோ வரம்பை 55 கிலோவாகக் குறைக்கவும் கேரளம் முடிவெடுத்தது. பன்னாட்டுப் பரிந்துரை சொல்லும் அளவும் அதுவே. சட்டம் எழுதுவதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. ஆனால் அந்த 55 கிலோவை எடைபோட்டுப் பார்ப்பது யார்? முக்காலி போட்டிருக்கிறார்களா, போட்ட முக்காலியில் உட்கார விடுகிறார்களா என்று மாலை ஏழு மணிக்கு வந்து பார்ப்பது யார்? அதே ஏஎல்ஓ. பதிவேடும் அவர், தகராறும் அவர், வெளிமாநிலத் தொழிலாளர் கணக்கும் அவர். வளர்ச்சி குன்றிய நாடுகளிலேயே 40,000 தொழிலாளருக்கு ஓர் ஆய்வாளராவது வேண்டும் என்பது பன்னாட்டு அமைப்பின் அளவுகோல். 40,000 பேரை ஒருவர் எப்படிப் பார்ப்பார் என்று அந்த அளவுகோலை எழுதியவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கிட்டங்கிகளின் ஆபத்தை 2023 மே மாதம் அரசுக்கே காட்டியது. கேரள மருத்துவப் பணிகள் கழகத்தின் கிட்டங்கிகள் கொல்லத்திலும், திருவனந்தபுரம் தும்பாவிலும், ஆலப்புழையிலும் பத்து நாளைக்குள் அடுத்தடுத்து எரிந்தன. மூன்றிலும் பிளீச்சிங் பவுடர். மே 23 அதிகாலை தும்பாவில் சுவர் இடிந்து விழுந்து ஒரு தீயணைப்பு வீரர் இறந்தார். அரசின் சொந்தக் கிட்டங்கிக்கே அந்த நிலை என்றால் மாமாவின் கிட்டங்கியை யார் கேட்பார்கள்?

சாலையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் தம்பானூர் ரயில் நிலையம். தண்டவாளங்களுக்கு அடியில் ஆமயிழஞ்சான் தோடு என்ற ஓடை ஓடுகிறது. 2024 ஜூலை 13 அன்று, ரயில்வே ஒப்பந்தக்காரர் அமர்த்திய ஒரு துப்புரவுத் தொழிலாளி அதில் குப்பை அள்ள இறங்கி, மழை வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார். 46 மணி நேரம் கழித்து உடல் கிடைத்தது. குப்பை யாருடையது, தோடு யாருடையது என்று ரயில்வேயும் மாநகராட்சியும் வாதாடின. அந்த மனிதரை யார் இறக்கினார், இறங்கும் முன் யார் வந்து பார்த்திருக்க வேண்டும் என்ற கேள்வி அந்த வாதத்தில் மூழ்கிப்போனது. அது தொழிற்சாலை இல்லை. கடையும் இல்லை.

பதிவான தொழிற்சாலைகளில் மட்டும் 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,109 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு. தோடும் கிட்டங்கியும் மச்சுப்படியும் அதில் சேர்த்தி இல்லை. ஆய்வாளர் போகாத இடத்துச் சாவு ஆய்வாளரின் கணக்கில் வராது. கணக்கில் வராததால் அங்கே ஆள் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

கேரளம் செய்யக்கூடியது பெரிய செலவுள்ள காரியமல்ல. சுரக்ஷா பவனின் பொறியாளர் சிலரைக் கடைத்தெருக்களுக்கென்றே, உதவிப் பொறியாளருக்கு மேற்பட்ட சம்பளத்தில் எடுக்கலாம். அந்த லிஸ்ட் காலாவதியாகும் முன் நியமனம் முடிய வேண்டும் என்று விதி வைக்கலாம். முன்கூட்டிய குறுஞ்செய்தியை இன்றே நிறுத்தலாம். கடை வைத்துக்கொண்டே இந்தத் தெருவைக் கதைகளாக எழுதிய ஆ. மாதவன் இங்கே ஒவ்வொரு முகத்தையும் அறிந்திருந்தார். ஓர் அரசு ஊழியர் ஒவ்வொரு மச்சையும் அறிந்திருப்பது அதைவிடக் கடினமில்லை.

மாமா போன பிறகு கிட்டங்கியை வேறொருவர் வாங்கினார். இப்போது அங்கே இரும்புப் படி, இருபுறமும் கைப்பிடி. எந்த அதிகாரியும் சொல்லிப் போட்டதல்ல. பழைய படியில் இனி ஏற மாட்டோம் என்று சுமட்டுத் தொழிலாளிகள் மூட்டைகளை வாசலிலேயே இறக்கி வைத்துவிட்டார்கள்.